சீனர் கல்யாணத்துக்குக் கேமராவோடு போகிறவருக்கு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கல்யாணப் படம் எடுக்கும் தமிழர்களுக்கு ஒரு கட்டத்தில் சீனர் வீட்டு அழைப்பு வந்தே தீரும். கூட வேலை செய்கிறவரோ பள்ளித் தோழியோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்பார்கள். புதிதாகப் போகிறவர்கள் மொழியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அது பெரிய தடையே இல்லை, ஆங்கிலமும் மலாயும் போதும். எது எப்போது நடக்கும், அடுத்து யார் வந்து உட்காருவார், எந்த நொடி திரும்ப வராது என்பது தெரியாவிட்டால்தான் திண்டாட்டம்.

விடிகாலை மேக்கப்பில் தொடங்கி இரவு பதினொரு மணிக்கு ஹோட்டல் வாசலில் முடியும் நாள் அது. அதன் நடுவே இரண்டு வீடுகளிலும் தம்பதி பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்து வணங்கும் தேநீர்ச் சடங்குதான் அந்தக் குடும்பம் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கப்போகும் படங்களைத் தரும். இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. சீனர்களும் அப்பாவின் அண்ணனை ஒரு பெயர் சொல்லியும், தம்பியை வேறு பெயர் சொல்லியும், அம்மாவின் சகோதரரை இன்னொரு பெயர் சொல்லியும் அழைக்கிறவர்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவருக்கு யார் முன்னே, யார் பின்னே என்பது தானாகவே புரியும். தேநீர்ச் சடங்கு முழுவதும் அந்த வரிசையில்தான் நடக்கிறது.

நாள் வருவதற்கு முன்

மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது நேர அட்டவணை. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நல்ல நேரம் அதில் இருந்தால் அதைக் கட்டம் போட்டு வையுங்கள். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும் நேரமும் சில குடும்பங்களில் நிமிடக் கணக்கில் பார்க்கப்படும். "இன்னும் ஒரு ஷாட்" என்று நீங்கள் பிடித்து வைத்தால் மாமியார் முகம் கறுக்கும்.

இரண்டாவது, தேநீர் கொடுக்கும் வரிசை. தாத்தா பாட்டியிலிருந்து தொடங்கும் குடும்பம் உண்டு, பெற்றோரிலிருந்து தொடங்கும் குடும்பமும் உண்டு. பிறகு தாத்தாவின் உடன்பிறந்தவர்கள், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, கடைசியாக அண்ணன், அக்கா என்று போகும். ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே உறவைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். யார் நடக்க முடியாதவர், யார் வெளிநாட்டிலிருந்து வருகிறார், பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்களா என்பதையும் தனியாகக் கேட்டு வையுங்கள். பிரிந்தவர்களை ஒரே நாற்காலி வரிசையில் உட்காரச் சொல்லிப் படம் எடுக்கக் கூப்பிடும் வேலையை நீங்கள் செய்யக்கூடாது.

மூன்றாவது, குடும்பப் படங்களின் பட்டியல். இதைப் பிடிக்கும் பொறுப்பை அந்த வீட்டிலேயே உரக்கக் கத்தக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சித்தி கிடைப்பார்.

குடும்பம் சீனர்களில் எந்த மொழிப் பிரிவு என்றும் கேளுங்கள். கோலாலம்பூர், ஈப்போ பக்கம் கான்டனீஸ் வழக்கம் அதிகம். பினாங்கிலும் கிள்ளானிலும் ஹொக்கியன் வழக்கம். தியோச்சியூ குடும்பம் என்றால் மாமியார் தரும் நான்கு தங்க நகைகளுக்குத் தனி மதிப்பு உண்டு, அதைப் பெட்டியோடு படமெடுக்கச் சொல்வார்கள். சில வீடுகளில் படம் எடுப்பவர் பிறந்த வருடத்தின் ராசியைக்கூடக் கேட்பார்கள். பெண்ணின் ராசியோடு மோதுகிற ராசிக்காரர் சில நேரங்களில் எதிரே நிற்கக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்டால் சிரிக்காமல் சொல்லுங்கள்.

உடை: முழுக் கறுப்பு வேண்டாம், முழு வெள்ளையும் வேண்டாம். கல்யாணப் படக்காரர்களின் சீருடையே கறுப்புதான், ஆனால் பாட்டிகளுக்கு அது பிடிக்காது. கருநீலச் சட்டை போதும். வீடுகளில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், ஓட்டை இல்லாத காலுறை போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மண்டியிட்டுத்தான் படம் எடுக்கப் போகிறீர்கள், பின்னால் நிற்கிற எல்லோருக்கும் உங்கள் பாதம் தெரியும்.

என்ன எடுத்துப் போவது

இரண்டு கேமரா. ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு, இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி. லென்ஸில் 24–70, 70–200 மி.மீ. இரண்டும் எஃப் 2.8 என்றால் நல்லது. அடுக்குமாடி வீட்டு வரவேற்பறைக்கு 16–35 கட்டாயம் வேண்டும், முப்பது பேர் நிற்கிற அறையில் பின்னால் நகர இடமே இருக்காது. இரண்டு ஃபிளாஷ், தேவைக்கு மேல் பேட்டரி. முதல் முறை என்றால் தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே செய்கிற ஒருவரோடு இரண்டாம் கேமராவாகப் போங்கள். காலையில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே நேரத்தில் நடக்கும், ஒருவரால் இரண்டு இடத்தில் நிற்க முடியாது.

காலை: கதவடைப்பு

மாப்பிள்ளை தோழர்களோடு காரில் வந்து இறங்குவார். பெண்ணின் தம்பியோ வீட்டுப் பையனோ கார்க் கதவைத் திறப்பான், அவனுக்கு ஓர் அங்பாவ், அதாவது சிவப்பு உறையில் வைத்த பணம். வீட்டு வாசலில் தோழிகள் வழிமறிப்பார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நான்கையும் தின்ன வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், காலில் மெழுகுப் பட்டையை ஒட்டிப் பிடுங்குவார்கள், காதல் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். கடைசியில் அங்பாவ் பேரம். எட்டும் ஒன்பதும் நிறைந்த தொகையாகக் கேட்பார்கள், பேரம் முடியாமல் கதவு திறக்காது.

இங்கே எல்லோரும் செய்வது மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிற்பது. அங்கே நின்றால் முதுகும் தலைமுடியும்தான் கிடைக்கும். தோழிகள் பக்கம் போய், அவர்கள் தோளுக்கு இடையிலிருந்து மாப்பிள்ளையின் முகத்தை எடுங்கள். மிளகாயைக் கடித்தவரின் முகம் மூன்று நொடிக்கு மாறிக்கொண்டே இருக்கும், தொடர் ஷாட்டில் வையுங்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கிற தோழர்களையும் மறக்காதீர்கள். அந்த நாளின் நல்ல சிரிப்புப் படங்களில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு விஷயத்தைத் தோழிகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெண் இருக்கும் அறைக் கதவு திறக்கும் முன்பு உங்களை உள்ளே விட வேண்டும். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிற அந்த முதல் முகம் அறைக்குள்ளிருந்துதான் தெரியும். கதவு திறந்த பிறகு பத்துப் பேரோடு முண்டியடித்து உள்ளே போனால் எல்லாம் முடிந்திருக்கும்.

அறை என்றதும் ஓர் எச்சரிக்கை, இது பிறகு போகப்போகும் மாப்பிள்ளை வீட்டுக்கு. மாப்பிள்ளை வீட்டில் புதுமணக் கட்டில் என்று ஒன்றை நல்ல நாள் பார்த்துப் போட்டு, சிவப்பு விரிப்பு விரித்து, சின்னப் பையனை அதில் உருளவிட்டு வைத்திருப்பார்கள். அதில் உட்காராதீர்கள், கேமராப் பையையும் வைக்காதீர்கள். படுக்கையின் மேல் கிடக்கும் பழங்களையும் பேரீச்சையையும் நகர்த்தாமல் அப்படியே படமெடுங்கள்.

பெண் கிளம்பும்போது சில வீடுகளில் அப்பா முகத்திரையை இறக்கிவிடுவார். இதற்கு ஒரே வாய்ப்புதான். அப்பாவின் முகம் தெரியும் பக்கம் நில்லுங்கள், பெண்ணின் முகத்தை நாள் முழுக்க எடுக்கலாம். வாசல் தாண்டியதும் சிவப்புக் குடை விரியும். நீங்கள் அதற்கு முன்பே வெளியே ஓடி, தாழ்வாக நின்று, குடையும் பெண்ணும் வாசலும் ஒரே ஃபிரேமில் வரும்படி எடுங்கள்.

தேநீர்ச் சடங்கு

வழக்கமாக மாப்பிள்ளை வீட்டில் முதலில், பிறகு பெண் வீட்டில். முந்தைய காலத்தில் பெண் வீட்டுக்குத் திரும்புவது மூன்றாம் நாள். இப்போது பெரும்பாலும் அதே நாள் மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிற வீடுகளில் அதுதான் முதலில் நடக்கும். அங்கே பக்கவாட்டில் நில்லுங்கள், பீடத்துக்கும் கும்பிடுகிறவருக்கும் நடுவே போகாதீர்கள்.

போனதும் முதல் வேலை நாற்காலிகளைப் பார்ப்பது. இரண்டு நாற்காலி, பின்னால் சிவப்புத் துணியோ "இரட்டை மகிழ்ச்சி" என்ற சீன எழுத்தோ இருக்கும். நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பெரியவர்கள் முகம் இருட்டாகும். "இந்தப் பக்கம் திருப்பிப் போடலாமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வாக்குவாதம் வேண்டாம், திரைச்சீலையை இழுத்துவிட்டு ஃபிளாஷைக் கூரையில் மோதவிடுங்கள். பின்சுவர் சிவப்பாக இருந்தால் அதன் பக்கம் ஃபிளாஷைத் திருப்பாதீர்கள், எல்லோரும் சிவந்துபோவார்கள்.

அடுத்து உங்கள் இடம். தம்பதி மண்டியிட்டிருப்பார்கள், பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நேர் எதிரே நின்றால் தம்பதியின் முதுகு, பெரியவர்கள் பின்னாலிருந்து எடுத்தால் பெரியவர்களின் முதுகு. பக்கவாட்டில், சரிபாதிக் கோணத்தில், மண்டியிட்டவரின் கண்மட்டத்துக்கு நீங்களும் இறங்கி உட்கார வேண்டும். அப்போதுதான் நான்கு முகமும் ஒரு படத்தில் வரும். இரண்டாம் கேமராக்காரர் எதிர்ப்பக்க மூலையில் 70–200 வைத்துக்கொண்டு முகங்களை மட்டும் பிடிக்கட்டும். வீடியோக்காரரோடு முதலிலேயே பேசி இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஸ்டாண்டை நட்டுவிட்டால் அதன் பிறகு நகர்த்தச் சொல்வது கடினம்.

கோப்பையில் செம்பேரீச்சையும் லோங்கான் பழமும் மிதக்கும், சில வீடுகளில் தாமரை விதையும் போடுவார்கள். சடங்கு தொடங்கும் முன்பே தட்டையும் கோப்பைகளையும் தனியாக எடுத்துவிடுங்கள், பிறகு நேரம் கிடைக்காது. கான்டனீஸ் வீடுகளில் தைகாம்சே என்ற அம்மாள் சடங்கை நடத்துவார். கோப்பையை நிரப்பித் தட்டில் ஏந்தி, அடுக்கடுக்காக வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவரிடம் முதலிலேயே வணக்கம் சொல்லிப் பழகுங்கள். அவர் ஒரு நொடி தாமதித்தால் உங்களுக்கு ஒரு படம் கிடைக்கும்.

இனி ஒவ்வொரு ஜோடிக்கும் நடப்பது இது. தம்பதி இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, உறவுமுறை சொல்லி, தேநீர் அருந்தும்படி கேட்பார்கள். ஹொக்கியன் வீட்டில் "ஆ கோங், லிம் தே" என்றால் தாத்தாவின் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். கைமாறுகிற நேரம் முதல் படம். நான்கு கைகளும் ஒரு கோப்பையில் இருக்கும், நெருக்கமாக எடுங்கள். பெரியவர் குடிக்கும்போது கோப்பை முகத்தை மறைக்கும், அப்போது சுட்டு வீணாக்காதீர்கள். அந்த ஒரு நொடியில் தம்பதியின் முகத்துக்குப் போய்விடுங்கள், நிமிர்ந்து பார்த்தபடி காத்திருப்பார்கள். கோப்பை இறங்கியதும் பெரியவருக்குத் திரும்புங்கள். நான் பார்த்தவரை நல்ல முகங்கள் இறங்கிய கோப்பைக்குப் பின்னால்தான் வரும்.

பிறகு அங்பாவ், நகை. மாமியார் பெண்ணின் கழுத்தில் சங்கிலி போடுவார், டிராகன் பீனிக்ஸ் வளையல் ஜோடியை மாட்டுவார். கான்டனீஸ் குடும்பங்களில் தாய்ப் பன்றியும் குட்டிகளும் கோத்த கனமான தங்க ஆரத்தையும் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், வளத்தையும் நிறைந்த பிள்ளைகளையும் வேண்டிப் போடுவது. கொக்கி மாட்ட நேரம் எடுக்கும், மாமியாரின் விரல்கள் பெண்ணின் பிடரியில் தடுமாறும். அந்த நேரத்தில் பக்கம் மாறிப் பெண்ணின் முகத்தைப் பிடியுங்கள்.

அந்த ஜோடி எழுந்திருக்கும் முன் ஒரு படம், நால்வரும் கேமராவைப் பார்த்து. இதை விட்டுவிடாதீர்கள். இயல்பான படம் உங்களுக்குப் பிடிக்கும், பெரியம்மாவுக்கு வேண்டியது அவர் முகம் நேராகத் தெரிகிற படம். ஜோடிக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் இருபது ஜோடிக்கு அரை மணி ஆகும், உங்கள் முழங்காலுக்கு ஒரு துணி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு மண்டியிட்டவர்கள் மற்றவர்களுக்குக் குனிந்தோ நின்றோ கொடுப்பார்கள், உங்கள் உயரமும் அதோடு மாற வேண்டும். கடைசியில் வரிசை தலைகீழாகும். தம்பி தங்கைகள் தம்பதிக்குத் தேநீர் கொடுப்பார்கள், தம்பதி அவர்களுக்கு அங்பாவ் தருவார்கள். பெரியவர்கள் கலைந்துவிட்டார்கள் என்று கேமராவைத் தொங்கவிடுகிற நேரம் அதுதான், கூடாது. கூச்சமும் கிண்டலும் நிறைந்த படங்கள் அங்கே கிடைக்கும்.

தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் சேரும் கல்யாணங்கள் இப்போது நிறைய. காலையில் தேநீர், மறுநாள் தாலி என்று இரண்டும் நடக்கும். அங்கே நம் பக்கத்துப் பெரியவர்களிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: தேநீர் குடித்ததும் கையில் அங்பாவ் இருக்க வேண்டும். தெரியாத நம் மாமா குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போவார், பார்க்கப் பாவமாக இருக்கும். நாம் 101 வைப்போம், அவர்கள் இரட்டைப்படையில் வைப்பார்கள், நான்கைத் தவிர்ப்பார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அத்தைமார் உங்களை வாழ்த்துவார்கள்.

சிவப்பும் தங்கமும்

பெண் அணியும் குவா உடை சிவப்புப் பட்டில் தங்க, வெள்ளி இழையால் டிராகனும் பீனிக்ஸும் தைத்தது. பின்னல் அடர்த்தியைப் பொறுத்து விலை ஏறும், சிலவற்றில் சிவப்பே தெரியாது. இதில் இரண்டு சிக்கல். சிவப்பு மட்டும் வெளிச்சம் மிஞ்சிப்போய் மடிப்புகள் அழிந்து ஒரே பட்டையாகும், ஆனால் கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான பொது ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாகவே காட்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் அமைப்பைப் போட்டுச் சிவப்பைப் பாருங்கள், வலது ஓரத்தை முட்டினால் அரை ஸ்டாப் குறையுங்கள். ரா கோப்பாகவே எடுங்கள். அடுத்தது, நேரடி ஃபிளாஷில் தங்க இழை வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும். கூரையில் மோதவிட்ட வெளிச்சமோ ஜன்னல் ஓரமோதான் அந்தப் பின்னலைக் காட்டும்.

வீட்டு விளக்குகளும் வில்லங்கம் செய்யும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னும். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வையுங்கள், வேகத்தைக் கூட்டினால் படத்தில் கோடு விழும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை வீட்டுக்குள் மறந்துவிடுங்கள்.

இரவு விருந்து

அழைப்பிதழில் ஏழு என்றிருந்தால் எட்டு மணிக்கு முன் தொடங்காது. அந்த இடைவெளியில் மண்டபத்தைக் காலியாக எடுங்கள்: மேடை, மேசை அலங்காரம், வாசலில் வரவேற்கும் பெற்றோர். மேசைக்குப் பத்துப் பேர், ஐம்பது மேசை என்றால் ஐந்நூறு பேர். விளக்கணைத்து, இசை முழங்க, முதல் தட்டை வரிசையாகத் தூக்கி வருவார்கள். தம்பதி ஒரு முறை நுழைவார்கள், உடை மாற்றி மறுபடியும் நுழைவார்கள். நடுப்பாதையில் பின்னோக்கி நடந்து எடுக்கும்போது பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

மேடையில் எல்இடி திரை இருந்தால் அதன் நீலமும் ஊதாவும் முகத்தில் விழும். ஒளியமைப்பாளரைத் தேடிப் பிடித்து, கேக் வெட்டும்போதாவது முன்னாலிருந்து வெள்ளை விளக்குப் போடச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் செய்வார்கள்.

யாம்செங் என்ற வாழ்த்துக் கூச்சல் வரும்போது தயாராக இருங்கள். மேடையில் இரு குடும்பமும் கோப்பையைத் தூக்கி "யாஆஆஆம்" என்று மூச்சு முட்டும்வரை இழுத்து "செங்" என்று முடிப்பார்கள். மூன்று சுற்று நடக்கும். முதல் சுற்றுக்கு மேடை எதிரே, 24-இல் மொத்தக் குடும்பம். இரண்டாம் சுற்றுக்கு மேடையின் பின்பக்கம் ஏறித் தம்பதியின் தோளுக்கு மேலாக மொத்த மண்டபமும், 16-இல். மூன்றாவதற்கு 70–200, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற ஒரு சித்தப்பாவின் முகம். ஷட்டர் 1/60, ஃபிளாஷ் சேர்த்து. மண்டபத்து வெளிச்சமும் படத்தில் வரும், முகமும் ஆடாது.

அடுத்து மேசைப் படங்கள், புதியவரை அழவைப்பது இதுதான். ஒரு மேசைக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஐம்பது மேசைக்கு ஐம்பது நிமிடம், நடக்கும் நேரம் தனி. கேமரா பக்கம் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள், தம்பதி நடுவில். 24-க்குக் கீழே போகாதீர்கள், ஓரத்தில் நிற்கிறவர் அகன்று தெரிவார், அவர்தான் முதலில் குறை சொல்வார். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, கூரை உயரமாக இருந்தால் ஃபிளாஷில் ஒரு குடை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு முறை சுடுங்கள், யாராவது கண் மூடியிருப்பார். முதல் ஃபிரேமில் மேசை எண் அட்டையைச் சேர்த்துவிட்டால் பிறகு பிரிக்க எளிது.

பெண் உடை மாற்றப் போகும் நேரம்தான் உங்கள் சாப்பாட்டு நேரம். விட்டால் பதினொரு மணிதான். காலையில் உங்களுக்கும் ஓர் அங்பாவ் தந்திருப்பார்கள். இரண்டு கையால் வாங்கிப் பையில் வையுங்கள், அங்கேயே பிரிக்காதீர்கள்.

வீடு திரும்பியதும்

தூங்கும் முன் இரண்டு தனி டிரைவில் நகல், மூன்றாவது வீட்டுக்கு வெளியே. நிறத்தைத் திருத்தும்போது சிவப்புத் துணியின் பிரதிபலிப்பு தாடைக்கு அடியில் ஏறியிருக்கும், தோலின் சிவப்பை மட்டும் தனியாகக் குறையுங்கள், உடையைத் தொடாதீர்கள். தேநீர்ச் சடங்கின் படங்களை நேர வரிசையில் வைக்காமல், நீங்கள் எழுதிவைத்த உறவு வரிசைப்படி தனித்தனிக் கோப்புறையாகப் பிரித்துக் கொடுங்கள். பெரியம்மாவின் மகள் "எங்க அம்மா படம் மட்டும் அனுப்ப முடியுமா?" என்று அடுத்த வாரமே கேட்பாள், அப்போது தேட வேண்டியிருக்காது. யாரையும் இரண்டு வீட்டுப் பட்டியலிலும் விடவில்லை என்பதைப் பெயர் பெயராகச் சரிபார்த்த பிறகு இணைப்பை அனுப்புங்கள்.